படிகத்தைப் படமெடுக்கும் எந்திரக் கை

நம் வயிற்றில் சுரக்கும் பெப்சின் என்ற நொதி உணவிலுள்ள புரதத்தைச் செரிக்கச் செய்கிறது என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். இந்தப் பெப்சினும் ஒரு புரதமே. உப்பையும் சர்க்கரையையும் போல இதையும் படிகமாக வளர்க்க முடியும். 1934-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் உப்சாலாவில் வளர்க்கப்பட்ட சில பெப்சின் படிகங்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஜே. டி. பெர்னல் என்ற இயற்பியலறிஞரிடம் வந்து சேர்ந்தன. அதற்கு முன் பலர் புரதப் படிகங்களை உலர்த்தி எக்ஸ்-கதிரில் காட்டிப் பார்த்திருந்தனர். தெளிவான படம் எதுவும் கிடைக்கவில்லை. பெர்னல் அப்படிகங்களை நுண்ணோக்கியில் கவனித்தார். தாய்த் திரவத்தை விட்டு வெளியே எடுத்ததும் அவை தம் ஒழுங்கை இழந்து விடுவதைக் கண்டார். எனவே படிகத்தைத் திரவத்துடனேயே மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் இழுத்து அடைத்து, அதன் மேல் எக்ஸ்-கதிரைச் செலுத்தினார். படத்தில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தோன்றின. அவருடன் பணியாற்றிய டாரதி குரோஃபுட் என்ற இளம் பெண்மணி பின்னாளில் டாரதி ஹாட்ஜ்கின் என்ற பெயரில் 1964-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்.

புரதப் படிகம் மிக எளிதில் அழியக் கூடியது என்பதே அன்று கிடைத்த முதற்பாடம். அது அழிவதற்குள் அதனிடமிருந்து செய்தியைப் பெற்று விட வேண்டும். தொண்ணூறு ஆண்டுகளாக இத்துறை அறிஞர்கள் ஓடும் ஓட்டமெல்லாம் இதுதான். அந்த ஓட்டத்தில் இன்று மனிதனின் கைக்குப் பதிலாக எந்திரக் கையும், மனிதனின் கண்ணுக்குப் பதிலாகக் கணிப்பொறியும் இறங்கியிருக்கின்றன. அவை என்ன செய்கின்றன, ஏன் தேவைப்பட்டன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எக்ஸ்-கதிர் எதற்கு? படிகம் எதற்கு?

ஒரு பொருளின் நுண்ணிய பகுதிகளைப் பிரித்துக் காண வேண்டுமானால், நாம் பயன்படுத்தும் ஒளியின் அலைநீளம் அப்பகுதிகளின் இடைவெளியை ஒத்து இருக்க வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ராம் வரை. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) இரு கரி அணுக்களுக்கு இடையேயுள்ள தூரமோ சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம்தான். எனவே எவ்வளவு சிறந்த நுண்ணோக்கியாயினும் சாதாரண ஒளியில் அணுக்களைக் காட்டாது. பணையோலையில் எழுத்தாணியால் எழுத வேண்டியதைக் கடப்பாரையால் எழுத முயல்வது போன்றது அது. ஒரு ஆங்ஸ்ட்ராம் அளவில் அலைநீளம் கொண்ட எக்ஸ்-கதிரே இதற்கு ஏற்றது.

ஆனால் எக்ஸ்-கதிரைக் குவித்து அணுக்களின் பிம்பத்தை நேராக உண்டாக்கித் தரும் வில்லை இல்லை. மேலும், ஒரு தனி மூலக்கூறு சிதறடிக்கும் எக்ஸ்-கதிர் மிகமிக அற்பமானது. இங்கேதான் படிகம் துணைக்கு வருகிறது. படிகத்தில் ஒரே வகை மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கி, ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படிகத்தின் பக்கம் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதில் திரும்பத் திரும்ப வரும் அலகின் பக்கம் 100 ஆங்ஸ்ட்ராம். அப்படியானால் ஒரு பக்கத்தில் 5,000 அலகுகள் அமையும். மொத்தப் படிகத்தில் 5,000 × 5,000 × 5,000, அதாவது 12,500 கோடி அலகுகள். ஒருவர் முணுமுணுத்தால் கேட்காது. 12,500 கோடிப் பேர் தாளம் தவறாமல் ஒரே சொல்லைச் சொன்னால் கேட்காமல் போகுமா?

1912-இல் ஜெர்மனியில் லாவே என்பவரின் கருத்தின்படி, படிகத்தின் வழியே எக்ஸ்-கதிர் சென்றால் விளிம்பு விளைவு ஏற்படும் என்பது மயில்துத்தப் படிகத்தைக் கொண்டு மெய்ப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிராக் என்னும் தந்தையும் மகனும் அதற்கு எளிய விளக்கம் தந்தனர். படிகத்தின் அணுத் தளங்களில் பட்டுத் திரும்பும் கதிர்கள் கடக்கும் பாதைகளின் வேறுபாடு, அலைநீளத்தின் முழு மடங்காக இருக்கும் திசைகளில் மட்டும் அவை ஒன்றையொன்று வலுப்படுத்தும். மற்றத் திசைகளில் அவை தம்முள் அழிந்துவிடும். எனவேதான் படம் முழுவதும் மங்கலாகப் பரவாமல் புள்ளிகளாகத் தோன்றுகிறது. புள்ளிகள் அமைந்துள்ள இடங்கள் அலகின் அளவைக் கூறும். புள்ளிகளின் ஒளிச்செறிவோ அலகுக்குள்ளே அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைக் கூறும்.

பல்லாயிரம் புள்ளிகள்

உப்புப் போன்ற எளிய படிகத்திற்குச் சில புள்ளிகள் போதும். புரதத்திற்குப் பல்லாயிரம் வேண்டும். கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ, தசையில் ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் மையோகுளோபின் என்ற புரதத்தின் மங்கலான உருவத்தை 1958-இல் வெளியிட்டபோது அவருக்குச் சுமார் 400 புள்ளிகள் போதுமாயிருந்தன. அதையே தெளிவாகக் காண விரும்பியபோது ஏறத்தாழ 10,000 புள்ளிகளை அளக்க நேர்ந்தது. ஒவ்வொன்றின் கருமையையும் படச்சுருளிலிருந்து அளந்து, எட்சாக் என்ற அக்காலத்துக் கணிப்பொறியில் கணக்கிட்டனர். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆராய்ந்த மாக்ஸ் பெரூட்சும் கெண்ட்ரூவும் 1962-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். பெரூட்ஸ் அப்பணியைத் தொடங்கியது 1937-இல் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். டாரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தின் எக்ஸ்-கதிர்ப் படத்தை முதலில் வெளியிட்டது 1935-இல். அதன் அமைப்பைக் கண்டறிந்தது 1969-இல். ஒரு மூலக்கூறுக்கு ஒரு வாழ்நாள் என்ற நிலை அது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் அலைக்கு வீச்சு, கட்டம் என்று இரண்டு பண்புகள் உள்ளன. புள்ளியின் செறிவிலிருந்து வீச்சை அறியலாம். கட்டத்தை அறிய முடியாது. பாட்டின் சுரங்கள் எவ்வளவு உரத்து ஒலித்தன என்று குறித்து வைத்துவிட்டு, அவை எப்போது ஒலித்தன என்பதைத் தொலைத்து விட்டதைப் போன்ற நிலை இது. பாதரசம் போன்ற கனமான அணுக்களைப் புரதத்தில் ஏற்றி, அதனால் புள்ளிகளில் ஏற்படும் மாறுதல்களிலிருந்து கட்டத்தைக் கணக்கிடலாம் என்று 1953-இல் பெரூட்ஸ் காட்டினார். அமைப்பு முன்பே அறியப்பட்ட ஒத்த புரதம் இருந்தால் அதைக் கொண்டும் கட்டத்தை ஊகித்துத் தொடங்கலாம்.

வட்டத்தில் ஓடும் எலெக்ட்ரான்கள்

கல்லூரி ஆய்வகத்திலுள்ள எக்ஸ்-கதிர்க் குழாயில் எலெக்ட்ரான்கள் தாமிரத் தகட்டில் மோதும். அதில் பிறக்கும் கதிர் எல்லாத் திசைகளிலும் சிதறும். ஒரு சிறு படிகத்திற்குக் கிடைப்பது அதில் மிகச் சிறு பங்கே. இதற்கு மாற்றாக வந்ததே சிங்க்ரோட்ரான் கதிர்.

ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செல்லும் எலெக்ட்ரானைக் காந்தத்தால் வளைத்தால் அது கதிர் வீசும். 1947-இல் அமெரிக்காவில் ஒரு முடுக்கியில் இந்த ஒளி முதன்முதலாகக் கண்ணால் காணப்பட்டது. துகள் இயற்பியலார் இதை ஒரு தொல்லையாகவே கருதினர். எலெக்ட்ரானுக்குப் பாடுபட்டு ஊட்டிய ஆற்றல் இவ்வழியே வீணாகிறதே என்பது அவர்கள் கவலை. ஒருவருக்கு வீணானது மற்றவருக்கு விருந்தாயிற்று. 1971-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தசை நாரின் படமும், 1976-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் புரதப் படிகங்களின் படங்களும் இக்கதிரைக் கொண்டு எடுக்கப்பட்டன.

பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள கிரெனோபிள் நகரின் ஐரோப்பிய சிங்க்ரோட்ரானை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 844 மீட்டர். அதில் காற்று நீக்கிய குழாய்க்குள் 6 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் எலெக்ட்ரான்கள் ஒரு விநாடிக்கு மூன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட தடவை சுற்றி வருகின்றன. ஓய்வில் உள்ள எலெக்ட்ரானின் ஆற்றலைப்போல் இது ஏறத்தாழ 11,700 மடங்கு. சார்புக் கொள்கை இங்கே ஒரு விந்தை புரிகிறது. எலெக்ட்ரானின் பாதையில் வட துருவமும் தென் துருவமும் மாறி மாறி வருமாறு காந்த வரிசை ஒன்றை வைக்கின்றனர். ஒரு துருவச் சோடியின் நீளம் 3 சென்டிமீட்டர் என்று கொள்வோம். விரையும் எலெக்ட்ரானுக்கு அந்நீளம் 11,700 மடங்கு சுருங்கித் தோன்றும். அதாவது சுமார் இரண்டரை மைக்ரான். எலெக்ட்ரான் நம்மை நோக்கியே வருவதால், டாப்ளர் விளைவினால் அது வீசும் அலை மேலும் 23,400 மடங்கு குறுகும். விளைவு சுமார் 1.1 ஆங்ஸ்ட்ராம்! காந்தத்தின் வலிமைக்கேற்ப இது சற்று மாறும். கையால் தொட்டு அளக்கக் கூடிய காந்த வரிசை, அணுவின் அளவுள்ள அலையைப் பிறப்பிக்கிறது. நாம் வகுப்பில் கற்பிக்கும் சார்புக் கொள்கைக்கு இதைவிடக் கண்கூடான பயன் வேறு என்ன வேண்டும்? அக்கதிர் விரிந்து பரவாமல், நூறு மீட்டர் தூரம் சென்றாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் மெல்லிய கற்றையாகவும் செல்கிறது.

காட்டுவதும் கதிரே, அழிப்பதும் கதிரே

இவ்வளவு வலிமையான கதிர் கிடைத்தபின் தொல்லை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. படிகத்தில் விழும் எக்ஸ்-கதிரில் விளிம்பு விளைவில் பங்கு கொள்வது ஒரு சிறு பகுதியே. படிகத்தில் உட்கவரப்படும் கதிர் எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிகிறது, பிணைப்புகளை முறிக்கிறது, நீரை உடைத்துத் தீவிரமான துணுக்குகளை உண்டாக்குகிறது. அவை பரவிச் சென்று அக்கம்பக்கத்து மூலக்கூறுகளையும் கெடுக்கின்றன. நமக்குச் செய்தி சொல்லும் ஒவ்வொரு படமும் படிகத்தின் ஆயுளில் ஒரு பங்கைக் கழித்துக் கொண்டே செல்கிறது.

இச்சேதத்தை அளக்கும் அலகு கிரே. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கவர்ந்தால் அது ஒரு கிரே. நான்கைந்து கிரே உடல் முழுவதும் பட்டால் மருத்துவ உதவியில்லாத மனிதர் பிழைப்பது அரிது. குளிரூட்டிய புரதப் படிகமோ சுமார் 3 கோடி கிரே வரை தாங்கும் என்று சோதனைகளிலிருந்து கணித்துள்ளனர். அதற்கு மேல் பெறும் செய்தியை நம்ப முடியாது. 3 கோடி கிரே என்பது எவ்வளவு? ஒரு கிலோ பொருளுக்கு அத்தனை ஆற்றல் கொடுப்பதும், ஏறத்தாழ 70 கிலோ பனிநீரைக் கொதிக்க வைப்பதும் சமம். நம் படிகத்தின் எடை ஒரு மில்லிகிராமில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கே என்பதால்தான் அது உடனே ஆவியாகாமல் குளிர்ந்த வாயுவில் வெப்பத்தை இழந்து நிற்கிறது.

குளிரூட்டுவது ஏன்? குளிரில் அந்தத் தீவிரத் துணுக்குகள் நகர முடியாமல் உறைந்து நிற்கும். சேதம் பரவுவது குறையும். ஆனால் புரதப் படிகத்தில் ஏறத்தாழப் பாதி நீர். மெதுவாகக் குளிரவிட்டால் நீர் பனிக்கட்டிப் படிகமாகிப் புரதத்தின் ஒழுங்கைச் சிதைத்துவிடும். எனவே கிளிசரால் போன்ற பொருளைச் சேர்த்து, சிறு நைலான் வளையம் ஒன்றினால் படிகத்தை மீன் அள்ளுவது போல் அள்ளி, நொடியில் திரவ நைட்ரஜனில் அமிழ்த்துகின்றனர். நீர் படிகமாக நேரமின்றிக் கண்ணாடி போல் உறைந்துவிடுகிறது. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் பரவிய இம்முறையில், படமெடுக்கும்போது படிகத்தின் வெப்பநிலை சுமார் 100 கெல்வின், அதாவது பூச்சியத்திற்குக் கீழே 173 டிகிரி செல்சியஸ்.

குளிரூட்டலால் மற்றொரு நன்மையும் விளைந்தது. படிகத்தைத் திரவ நைட்ரஜனில் வைத்துப் பல நாள் காக்கலாம், தொலைதூரம் அனுப்பலாம். எந்திரக் கைக்கு வழி திறந்தது இதனால்தான்.

எந்திரக் கை வந்த காரணம்

வலிமையான எக்ஸ்-கதிர் வரும் அறையில் மனிதர் இருக்கலாகாது. எனவே அது ஈயச் சுவர்களால் அடைக்கப்பட்டிருக்கும். முன்பெல்லாம் ஆராய்ச்சியாளர் ஒரு படிகத்தை மாற்ற வேண்டுமானால், கதிரை நிறுத்தி, கதவைத் திறந்து, உள்ளே சென்று, பழைய படிகத்தை எடுத்து, புதியதை உறைபனி படியாமல் பொருத்தி, அறையில் எவரும் இல்லை எனச் சோதித்து, கதவை அடைத்து, பிறகே கதிரைத் திறக்க வேண்டும். இதற்கிடையே முடுக்கி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆராய்ச்சிக் குழுவுக்குக் கிடைக்கும் நேரமோ ஓரிரு நாட்கள். இரவு பகல் பாராமல் வேலை. பின்னிரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கை நழுவினால், பல மாத உழைப்பில் வளர்ந்த படிகம் தரையில் போய்விடும்.

2000-க்குப் பின் ஸ்டான்ஃபோர்டிலும் பிற இடங்களிலும் படிகங்களை மாற்றும் எந்திரக் கைகள் வந்தன. வளையங்களின் அடிப்பகுதி, அவற்றை அடுக்கும் வட்டத் தட்டு ஆகியவற்றின் அளவுகளை ஆய்வகங்கள் கலந்து பேசி ஒருமைப்படுத்தின. ஒரு வகைத் தட்டில் 16 படிகங்கள் இருக்கும். ஏழு தட்டுகள் கொண்ட குளிர்க்கலத்தில் 112 படிகங்களை அனுப்பலாம். சிறு செய்தியாகத் தோன்றினாலும், ஒருமைப்பட்ட இந்த அளவுகள் இல்லாவிட்டால் எந்த எந்திரக் கையும் பயன்படாது. ஒரே வகை அடிப்பகுதி கொண்ட மின்விளக்குகள் எல்லாம் ஒரே தாங்கியில் பொருந்துவதைப் போன்றது இது.

அடுத்த படி, மனிதர் அருகிலேயே இல்லாமல் முழு வேலையும் நடப்பது. கிரெனோபிளில் 2014-இல் தொடங்கிய மாசிஃப்-1 என்ற கதிர்த்தடம் இதற்கென்றே அமைக்கப்பட்டது. அங்கே முதலில் அமைந்த ஏற்பாட்டில், தொழிற்சாலைகளில் உள்ளது போன்ற ஆறு மூட்டுகள் கொண்ட கை ஒன்று திரவ நைட்ரஜன் கலத்திலிருந்து படிகத்தை எடுக்கும். வேறு தாங்கியில் வைக்காமல் தானே கதிரின் முன் பிடித்துச் சுழற்றும். எடுத்த கையே தாங்கும் கையும் ஆயிற்று.

கணிப்பொறி முடிவெடுக்கும் வகை

கையை விடக் கடினமானது கண்ணின் வேலை. கணிப்பொறி அதை நான்கு படிகளில் செய்கிறது.

முதலாவது, வளையத்தைக் கண்டுபிடித்தல். ஒளிப்படக் கருவி ஒன்று வளையத்தைப் பல கோணங்களில் பார்க்கிறது. அதன் எல்லைகளைக் கணிப்பொறி அறிந்து, சுழலும்போது அது கதிரை விட்டு விலகாதபடி நடுவில் நிறுத்துகிறது.

இரண்டாவது, படிகத்தைக் கண்டுபிடித்தல். வளையத்திற்குள் உறைந்த திரவம் ஒளியை வளைப்பதால் படிகம் இருக்குமிடம் கண்ணுக்கு ஏமாற்றாகத் தோன்றலாம். எனவே வளையத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மிகக் குறைந்த கதிரைச் செலுத்திப் படமெடுக்கின்றனர். 300 மைக்ரான் நீளமும் 200 மைக்ரான் அகலமும் உள்ள வளையத்தை 20 மைக்ரான் கதிரால் துழாவினால் 150 படங்கள். விடைத்தாளுக்கு மதிப்பெண் இடுவது போலக் கணிப்பொறி ஒவ்வொரு படத்திற்கும் மதிப்பெண் இடுகிறது. புள்ளிகள் கூர்மையாகவும் தொலைவு வரையும் தெரிந்தால் அதிக மதிப்பெண். வெறும் நீரின் வளையங்கள் தெரிந்தால் பூச்சியம். அழகாகத் தோன்றும் படிகத்தின் ஒரு மூலை மட்டும் நன்றாக இருக்கலாம். கண் அதை அறியாது, கதிர் அறியும். படிகத்தின் அளவுக்கேற்பக் கதிரின் அகலமும் மாற்றப்படுகிறது.

மூன்றாவது, திட்டமிடல். படிகத்தைச் சற்றுச் சற்றுத் திருப்பிச் சில சோதனைப் படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றின் புள்ளிகளிலிருந்து அலகின் பக்கங்களும் கோணங்களும் சமச்சீரும் கணக்கிடப்படுகின்றன. சமச்சீர் மிகுந்த படிகத்தைக் குறைவாகச் சுழற்றினால் போதும். அலகின் பக்கங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த வகைக்குச் சரியான இடத்தில் தொடங்கினால் 90 டிகிரி போதும். சமச்சீர் அற்ற வகைக்கு 180 டிகிரி வேண்டும். பிறகு வருவது செலவுக் கணக்கு. படிகத்தின் மொத்தச் சேமிப்பு 3 கோடி கிரே. அதற்குள் தேவையான எல்லாப் படங்களும் முடிய வேண்டும். ஒவ்வொரு படத்திற்கும் கதிரைத் தாராளமாகக் கொடுத்தால் பாதியில் படிகம் அழியும். கஞ்சத்தனமாகக் கொடுத்தால் மெலிந்த புள்ளிகள் தெரியாமல் போகும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர் நன்கறிந்த கணக்கே இது. இரவு மூன்று மணிக்குத் தளர்ந்த மனிதர் மனக்கணக்காகப் போட்டதைக் கணிப்பொறி ஒவ்வொரு படிகத்திற்கும் தவறாமல் போடுகிறது.

நான்காவது, படமெடுத்தல். முன்பு படச்சுருளும், பின்னர் வேறு தகடுகளும் செய்த வேலையை இன்று எக்ஸ்-கதிர் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் உணர்கருவி செய்கிறது. சுவிட்சர்லாந்தில் உருவாகி 2007-இல் அந்நாட்டுச் சிங்க்ரோட்ரானில் பொருத்தப்பட்ட பிலாட்டஸ் என்ற கருவியில், 0.172 மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு சதுரங்கள் 60 லட்சம் உள்ளன. ஒவ்வொரு சதுரமும் தன் மேல் விழும் துகள்களைத் தானே எண்ணும். ஒரு படத்திற்குப் படிகம் 0.1 டிகிரி சுழன்றால், 180 டிகிரிக்கு 1,800 படங்கள். படிகம் நிற்காமல் சுழல, அத்தனையும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடுகின்றன. கெண்ட்ரூவின் குழுவினர் நாட்கணக்கில் அளந்ததைக் கணிப்பொறி சில நிமிடங்களில் அளந்து, புள்ளிகளின் பட்டியலை உரியவருக்கு அனுப்பி விடுகிறது. எந்திரக் கை அடுத்த படிகத்தை எடுக்கச் செல்கிறது.

2020-இல் நடந்த சோதனை

இந்த விரைவு உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பதை உலகம் 2020-இல் கண்டது. கொரோனா வைரஸ் பெருகுவதற்கு அதன் முதன்மைப் புரதவெட்டி என்ற நொதி இன்றியமையாதது. நீண்ட புரதச் சங்கிலியைத் துண்டுகளாக வெட்டித் தரும் கத்தரி அது. அதை அடைத்துவிட்டால் வைரஸ் பெருகாது. சீனாவில் சாங்காய் அறிஞர்கள் அந்நொதியின் அமைப்பைக் கண்டறிந்து பிப்ரவரி தொடக்கத்திலேயே எல்லாருக்கும் திறந்து வைத்தனர்.

கத்தரியின் வாயில் எது பொருந்தும்? இங்கிலாந்தின் டயமண்ட் சிங்க்ரோட்ரானில் இதைத் தேடினர். ஒரு பெரிய மருந்து மூலக்கூறை நேராகத் தேடாமல், இருபது அணுக்களுக்கும் குறைவான சிறு துண்டு மூலக்கூறுகள் பலவற்றை, ஒரு படிகத்திற்கு ஒரு துண்டு என்று ஊறவைத்து, எது எங்கே ஒட்டுகிறது என்று பார்ப்பது இம்முறை. சுமார் 1,250 துண்டுகள் சோதிக்கப்பட்டன. 71 துண்டுகள் நொதியின் வெட்டும் பள்ளத்தில் ஒட்டியிருந்தது தெரிய வந்தது. முடிவுகள் மார்ச் மாதமே பொதுவில் வைக்கப்பட்டன.

ஒரு படிகத்திற்கு 20 நிமிடம் என்று பழைய முறையில் கணக்கிட்டால், 1,250 படிகங்களுக்கு இடைவிடாமல் 17 நாட்களுக்கு மேல் ஆகும். நான்கு நிமிடம் என்று கொண்டால் மூன்றரை நாள். ஊரடங்கில் உலகம் முடங்கியிருந்த வேளையில் இந்த வேறுபாடு சாதாரணமானதன்று. அத்துண்டுகளைத் தொடக்கமாகக் கொண்டு பல நாட்டு வேதியியலார் கூடி, உரிமை கோராமல், மருந்து மூலக்கூறுகளை வடிவமைத்தனர். அம்முயற்சியின் விவரம் 2023-இல் வெளிவந்தது. வேறு ஆராய்ச்சியின் வழியே 2021-இல் பயனுக்கு வந்த நிர்மட்ரெல்விர் என்ற மருந்தும் இதே கத்தரியைத்தான் அடைக்கிறது.

எந்திரம் செய்ய முடியாதவை

எந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று கூறுவது மிகை. படிகத்தை வளர்ப்பது இன்றும் பொறுமையும் நல்வாய்ப்பும் வேண்டிய கலையே. இரு படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்திருந்தால் புள்ளிகள் கலந்து தோன்றும். கணிப்பொறி தவறான சமச்சீரைத் தேர்ந்தெடுக்கக் கூடும். படிகத்திலுள்ள சில நீர் மூலக்கூறுகளை மருந்து என்று எண்ணி ஏமாறுவதும் உண்டு. பட்டியல் தானாக வரலாம். அதை ஐயத்துடன் நோக்கும் பழக்கம் தானாக வராது.

முடிவைச் சரிபார்க்கும் உரைகற்களுள் ஒன்று நம் மண்ணில் பிறந்தது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், தம்முடன் பணியாற்றிய சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும், எவற்றில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் என்று ஒரு வரைபடத்தில் காட்டினார். இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் சேரும் ஒவ்வொரு புரத அமைப்பும் இராமச்சந்திரன் வரைபடத்தால் சோதிக்கப்படுகிறது. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் உயிரணுவின் புரதத் தொழிற்சாலையாகிய ரைபோசோமின் சிறிய பகுதியின் அமைப்பை 2000-இல் வெளியிட்டு, 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டதும் சிங்க்ரோட்ரான் கதிரின் துணையாலேயே. 1971-இல் ஏழே அமைப்புகளுடன் தொடங்கிய அத்தரவு வங்கியில் 2023-இல் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

புரதத்தின் அமைப்பைப் படிகமே இல்லாமல் கணித்துக் கூறும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணிப்பொறி முறைக்காக 2024-இல் நோபல் பரிசில் ஒரு பங்கு அளிக்கப்பட்டது. இனிப் படிகம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அக்கணிப்பொறி பாடம் படித்ததே இந்தத் தரவு வங்கியில் சேர்ந்திருந்த அமைப்புகளைக் கொண்டுதான். புதிய மருந்துத் துண்டு ஒன்று உண்மையில் எங்கே, எந்தக் கோணத்தில் ஒட்டியது என்று உறுதியாகக் கூறப் படிகத்தையே கேட்க வேண்டும். மறுபுறம், கணித்த அமைப்பு கட்டத்தை ஊகிக்கப் பெரிதும் உதவுவதால், பெரூட்சை வாட்டிய பழைய சிக்கல் பல புரதங்களுக்கு இன்று எளிதாகிவிட்டது.

இந்தியாவிலும் இந்தூரில் 2.5 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இண்டஸ்-2 என்ற சிங்க்ரோட்ரான் இருக்கிறது. அதில் புரதப் படிகங்களுக்கென ஒரு கதிர்த்தடமும் உண்டு. ஆயினும் எந்திரக் கையின் பயன் முடுக்கி உள்ள ஊரோடு நிற்பதில்லை. முன்பு ஆராய்ச்சியாளர் விமானம் ஏறிப் படிகத்துடன் போக வேண்டியிருந்தது. பயணச் செலவுக்கு வழியில்லாத ஆய்வகம் பின்தங்கியது. இன்று படிகம் மட்டும் குளிர்க்கலத்தில் பயணம் செய்கிறது. நல்ல படிகம் ஒன்றை வளர்க்கத் தெரிந்த மாணவர் எந்த ஊரில் இருந்தாலும், அதன் புள்ளிகள் அவர் மேசைக்கு வந்து சேர்கின்றன. அப்புள்ளிகள் ஏன் அந்தந்த இடத்தில் விழுந்தன என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். அதற்குப் பிராக் விதியை வகுப்பிலேயே செவ்வையாகக் கற்றிருக்க வேண்டும். அந்தப் பகுதியை எந்திரத்திடம் விட முடியாது.